கொங்கு நாட்டுக் காற்றில் கிளைடர்: எந்த மாதம், எந்த நேரம், எதை வாங்குவது?

கேள்வி இதுதான்: "தாராபுரம் பக்கத்தில் இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. ரிமோட்டில் பறக்கிற கிளைடர் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை. ஆடியில் குடை பிடித்தால் கம்பி திரும்பிக்கொள்ளும். இந்தக் காற்றில் மோட்டார் இல்லாத விமானம் தாங்குமா? எந்த மாதம் பறக்கவிடலாம்? எதை வாங்குவது?"

நான் இந்தப் பகுதியில் பதினான்கு வருடமாகக் கிளைடர் பறக்கவிடுகிறேன். ஞாயிறு காலைகளில் கூடும் சின்னக் குழு எங்களுடையது. லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்கிக் கொடுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். இது ஆடி. இந்த மாதம் கையில் கொடுத்தால் இரண்டாம் நாளே உடைத்துக்கொண்டு வருவான். தனக்கு இது வராது என்று முடிவும் கட்டிவிடுவான். குறை மாதத்தினுடையது என்று அந்த வயதில் தெரியாது. தை பிறக்கட்டும். அதுவரை அவன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மோட்டார் இல்லாமல் எப்படித் தாங்குகிறது என்பது தெரிந்தால்தான் மாதக் கணக்கு புரியும். கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மேட்டிலிருந்து சைக்கிளை மிதிக்காமல் விடுவது போல, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட ஒரு நல்ல கிளைடர் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இறங்கும். அசையாத காற்றில் 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் 200 விநாடியில் தரைக்கு வந்துவிடும். மூன்று நிமிடம் சொச்சம். ஆனால் எங்கள் குழுவில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பறக்கவிட்டவர்கள் இருக்கிறார்கள். கிளைடர் அரை மீட்டர் இறங்கும் அதே விநாடியில் அதைச் சுற்றியுள்ள காற்று ஒரு மீட்டர் மேலே போனால், அரை மீட்டர் மிச்சம். அவ்வளவுதான் சூட்சுமம். மேலே போகிற காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டு.

அப்படிப்பட்ட காற்று இரண்டு வகையில் கிடைக்கும். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று குமிழாகக் கிளம்பி ஏறுவது ஒன்று. இதைத் தெர்மல் என்போம். வீசுகிற காற்று ஒரு கரட்டின், அதாவது சின்னப் பாறைக் குன்றின் சரிவில் மோதி வேறு வழியில்லாமல் மேலே ஏறுவது இன்னொன்று, அது ஸ்லோப். கொங்கு நாட்டுக்கு இரண்டுமே வாய்த்திருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் கிடைப்பது அபூர்வம்.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று சுவர் மாதிரி நிற்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று விரிகிறது. பூலவாடியிலும் கேத்தனூரிலும் குடிமங்கலத்திலும் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சொன்னவர்கள் அளந்துதான் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் உள்ளங்கையில் அடங்கும் காற்றுமானி ஒன்று இருக்கிறது. ஆடி மதியத்தில் அது விநாடிக்கு 10, 12 மீட்டர் காட்டுவது சாதாரணம். கற்றுக்கொள்பவரின் கிளைடர் பறக்கும் வேகமே விநாடிக்கு 7, 8 மீட்டர்தான். எதிர்க்காற்றில் அது முன்னே வராது, மூக்கை மேற்கே வைத்துக்கொண்டே கிழக்கே போய்க்கொண்டிருக்கும்.

சரி, மாதங்களுக்கு வருகிறேன்.

மார்கழிக் காலைகள் அழகானவை. காற்று இல்லை, பனி இருக்கும், புல் ஈரமாக இருக்கும். தெர்மலும் இருக்காது. கிளைடரின் குணத்தைச் சரிபார்க்க, நேராகப் பறக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. காலை எட்டரைக்குள் முடித்துக்கொள்வோம்.

தை, மாசி, பங்குனி. இந்த மூன்றும்தான் எங்கள் அறுவடைக் காலம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டிருப்பார்கள், காடெல்லாம் வெறுமனே கிடக்கும். கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வரும். ஒன்பதரை மணிக்கு மேல் உழுதுபோட்ட கரிசல் சூடாகத் தொடங்கும், பக்கத்துத் தென்னந்தோப்பு குளிர்ந்தே இருக்கும். அந்த இரண்டும் சந்திக்கும் விளிம்பிலிருந்து தெர்மல் கிளம்பும். பத்து மணி முதல் ஒரு மணி வரை நேரம் நம்முடையது.

சித்திரையில் தெர்மல் வலுவானது, சில நேரம் மிக வலுவானது. செம்மண் காட்டில் சுழிக்காற்று தூசியைச் சுருட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு தெர்மலின் அடிவேர்தான். அதற்குள் சின்னக் கிளைடரைக் கொண்டுபோய் விட்டால் இறக்கையைத் திருகிவிடும். அப்புறம் கோடை இடி. மேற்கே மேகம் கறுத்துக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், வானில் இருப்பதை இறக்கிவிட வேண்டும். வைகாசியில் மேற்குக் காற்று நிலைத்துவிடும். ஆனியில் புது ஆட்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. புரட்டாசியில் காற்று விட்டுவிட்டு வரும், சில ஞாயிறு நன்றாக அமையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பட்டறையில் உட்கார்ந்து ஒட்டுப்போடுகிற மாதங்கள்.

நாங்கள் பறக்கவிடும் இடம் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு ஒன்று. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரங்களும் விட்டு, காங்கேயம் மாடுகளை மேய விடுகிற மானாவாரி நிலம் அது. கிளைடருக்கு இதைவிடப் பொருத்தமான தரையை யாரும் திட்டம் போட்டு உருவாக்க முடியாது. புல் மெத்தை மாதிரி. வேலி இருப்பதால் வழிப்போக்கர் யாரும் குறுக்கே வருவதில்லை. வெள்வேல முள் ஒன்றுதான் நுரை இறக்கையில் ஏறும். நிலத்துக்காரர் ஒரு பெரியவர். முதல் தடவை அனுமதி கேட்டுப் போனபோது அவர் கேட்டது இரண்டே விஷயம்: "மாடு மெரளாம பாத்துக்கோங்க. போகயில படலச் சாத்திட்டுப் போங்க." பத்து வருடமாக இரண்டையும் தவறவிட்டதில்லை. எந்த நிலத்தில் இறங்கினாலும் முதலில் கேட்டுவிட்டு இறங்குங்கள். நம் ஊர்களில் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, கேட்காமல் நுழைந்தால் மன்னிப்பவர்களும் குறைவு.

அந்தப் பெரியவரிடம் நாங்கள் கற்றுக்கொண்டதும் உண்டு. களத்தில் பொலி தூற்றியே வளர்ந்தவர். ஒரு சித்திரை ஞாயிறு பத்தே முக்காலுக்கு நாங்கள் கிழக்கே பார்த்து நின்றபோது, "இன்னுங் கொஞ்ச நேரத்துல காத்து மேக்கத் திரும்பிருமுங்க, அந்தப் பக்கம் போய் நின்னுக்கோங்க" என்றார். பதினொன்றே காலுக்குத் திரும்பியது. வெயில் காலத்தில் மேற்குக் காற்று கணவாய் வழியாக உள்ளே வருகிறது என்று நாங்கள் படித்து வைத்திருந்தோம். எந்த மணிக்கு எங்கள் காட்டுக்கு வந்து சேரும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடையாளம் விட்டுவிட்டுத்தான் போகும். பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு ஏறினால் அங்கே உறுதியாக இருக்கிறது. அது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறதோ அதே பக்கமாக நாமும் சுற்ற வேண்டும், இதை ஒழுக்கமாகவே வைத்திருக்கிறோம். தகைவிலான்களும் உழவாரன்களும் ஒரே இடத்தில் மொய்த்தால், தரையிலிருந்து பூச்சிகள் மேலே தூக்கப்படுகின்றன என்று பொருள். இரண்டும் இல்லாவிட்டால் நம் கன்னமே போதும். கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று நின்று, பின்கழுத்தில் மெல்ல எதிர்ப்பக்கமாகத் தொட்டால், நமக்கு முன்னால் ஏதோ ஒன்று மேலே கிளம்பியிருக்கிறது. அது தன் அடியை நிரப்பிக்கொள்ளச் சுற்றுப்புறக் காற்றை இழுக்கிறது. இதை உணர்ந்துகொள்ள எனக்கு இரண்டு மாசி மாதங்கள் ஆயின.

போன மாசியில் ஒரு காலை. கையால் சுழற்றி எறியும் கிளைடர், டிஸ்கஸ் லாஞ்ச் என்பார்கள். ஒன்றரை மீட்டர் இறக்கை, கால் கிலோ எடை. இடது இறக்கையின் நுனியில் ஒரு சின்ன முளை இருக்கும், இரண்டு விரலை அதில் கொக்கி போட்டுப் பிடித்து, வட்டு எறிபவர் போல ஒன்றரைச் சுற்றுச் சுற்றி விட வேண்டும். கல்லூரிப் பையன் ஒருவன் விட்டான், நாற்பது மீட்டர் இருக்கும். நிமிர்த்தி, மெதுவாக்கி, வேலி ஓரமாக மேற்கே அனுப்பினான். ஒன்றும் இல்லை. இருபது மீட்டருக்கு வந்துவிட்டது. அப்போது வால் மட்டும் லேசாக எழும்பியது. யாரோ பின்னாலிருந்து ஒரு விரலால் தூக்கிவிட்டது போல. அடுத்த நொடி வலது இறக்கை தானாகவே மேலே எழுந்தது. பக்கத்தில் நின்ற டீச்சர், "வலது பக்கம் தூக்குதுப்பா, அந்தப் பக்கமே திரும்பு" என்றார். கற்றுக்கொள்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள். இறக்கையைத் தூக்கிவிட்ட காற்றிலிருந்து கிளைடர் இயல்பாகவே விலகித் திரும்பும். அதை மீறி, தூக்கிய பக்கமே திருப்ப வேண்டும். அவன் திருப்பினான். மூன்றாவது வட்டத்தில் எங்கள் கழுத்து நிமிர ஆரம்பித்தது. நாலு நிமிடத்தில் அவனிடமிருந்த வேரியோ, அதாவது ஏற்றம் இறக்கத்தைச் சத்தத்தால் சொல்லும் கருவி, 110 மீட்டர் எச்சரிக்கை மணியை அடித்தது. அந்த உயரத்துக்கு மேல் நாங்கள் போவதில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஏறுவது மகிழ்ச்சி. திரும்பி வருவதுதான் பாடம். தெர்மல் நிற்குமிடத்திலேயே நிற்காது, காற்றோடு நகரும். அதோடு நாமும் நகர்ந்துவிடுகிறோம். மூன்று வருடத்துக்கு முன் என் கிளைடர் ஒன்று அப்படித்தான் போனது. நல்ல தெர்மல், விட மனமில்லை. மேற்கே 400 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. அன்று காற்று விநாடிக்கு 5 மீட்டர். கிளைடர் வேகம் 8. திரும்பி வரும்போது தரைக்குக் கிடைப்பது 3 மீட்டர்தான். 400 மீட்டர் வர 133 விநாடி. விநாடிக்கு அரை மீட்டர் இறக்கம் என்றால் 67 மீட்டர் உயரம் செலவாகும். என்னிடம் 80 இருந்தது. போதும் என்று நினைத்தேன். ஆனால் ஏறுகிற காற்றைச் சுற்றி இறங்குகிற காற்று இருக்கும், வரும் வழி முழுக்க அதில்தான் வந்தேன். பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் விழுந்தது. மூன்றாம் நாள் தேங்காய் இறக்க ஏறியவர் மட்டைக்கு நடுவில் பார்த்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். அதிலிருந்து குழுவில் ஒரு வழக்கம்: காற்று அடிக்கும் திசையில் தள்ளிப் போகும் தூரத்துக்குத் தேவையான உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு கையில் இருந்தால்தான் போவது. ஒவ்வொரு கிளைடரின் வயிற்றிலும் பெயரும் போன் எண்ணும் எழுதிய காகிதம் இருக்க வேண்டும்.

பங்குனியில் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்தோம். எஃப்5ஜே என்ற உலகப் போட்டி முறையைக் கொஞ்சம் சுருக்கி எடுத்துக்கொண்டோம். கிளைடரின் மூக்கில் சின்ன மோட்டார் இருக்கும், அதிகபட்சம் 30 விநாடி ஓட்டலாம். அப்புறம் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பறக்க வேண்டும். பறந்த ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு புள்ளி. மோட்டார் தூக்கிவிட்ட ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி கழியும். குறித்த புள்ளியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இறக்கினால் 50. இதில் என்ன அழகு என்றால், அதிக உயரம் போய்ப் பாதுகாப்பாக விளையாடுபவருக்கு நஷ்டம், தாழ்வாகக் கிளம்பிக் காற்றை நம்புபவருக்கு லாபம். லேத் அண்ணன் 90 மீட்டர் ஏறி 9 நிமிடம் 52 விநாடி பறந்து, ஐந்தாவது மீட்டரில் இறக்கினார். 592, கழித்தல் 45, கூட்டல் 30, ஆகமொத்தம் 577. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் 38 மீட்டரிலேயே மோட்டாரை அணைத்துவிட்டாள். எங்களுக்கெல்லாம் திக்கென்றது. வேலி ஓரத்தில் பனையளவு உயரத்தில் நாலு வட்டம் போட்டுப் போட்டு ஏற்றி, 9 நிமிடம் 40 விநாடி பறந்து, இரண்டு மீட்டருக்குள் இறக்கினாள். 580, கழித்தல் 19, கூட்டல் 45. 606. அவள் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் வேலியோரம் நின்று பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

ஆடியில் நாங்கள் சும்மா இருக்கிறோமா என்றால், இல்லை. ஸ்லோப் பிடிக்கிறோம். போன ஞாயிறு மேற்கே முகம் பார்த்த ஒரு கரட்டில் நின்றோம், அதுவும் பட்டா நிலம், சொல்லிவிட்டுத்தான் ஏறினோம். காற்று விநாடிக்கு 9 மீட்டர். 20 பாகைச் சரிவில் அது மோதினால் மேல்நோக்கி விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் கிடைக்கும் என்று டீச்சர் கணக்குச் சொன்னார். எங்கள் நுரை இறக்கை இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. கையிலிருந்து தள்ளிவிட்டால் போதும், லிஃப்ட்டில் ஏறுவது போல ஏறிவிடும். இங்கே எடை நமக்கு நண்பன். 600 கிராம் கிளைடரில் 300 கிராம் ஈயம் வைத்தால், அதன் பறக்கும் வேகம் ஒன்றரையின் வர்க்கமூலப்படி 22 சதவீதம் கூடும், எதிர்க்காற்றில் முன்னேற அதுதான் உதவும். சரிவுக்கு முன்னால் இருக்கும்வரை சொர்க்கம். கரட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனால் காற்று கீழே சுருண்டு உருளும். போன ஞாயிறு ஒரு பையன் அங்கே மாட்டிக்கொண்டான். கிளைடர் ஒரு நொடியில் தலைகுப்புறப் பாறையில் விழுந்தது. நுரை என்பதால் மாலையே ஒட்டிவிட்டோம். இந்த மாதத்தில் உங்கள் மகனை வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஸ்லோப்புக்காக ஆழியாறு, ஆனைமலை, நீலகிரி என்று போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். காப்புக்காடும் புலிகள் காப்பகமும் உள்ள இடங்களில் பறக்கவிடக் கூடாது. நம் சமவெளிக் கரடுகளே போதும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கும் எதுவும் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளுக்குள் வரும். பச்சை மண்டலம் என்று குறித்த, தடையில்லாத வான்பகுதியில் 120 மீட்டர், அதாவது 400 அடி வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 60 மீட்டர். கோவையில் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நகரத்தில் மொட்டை மாடியிலும் பள்ளி மைதானத்திலும் விடுகிற ஆசையை மறந்துவிடுங்கள். தாராபுரம் அங்கிருந்து நன்றாகவே தள்ளி இருக்கிறது. ஆனாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்த்துவிட்டு, எடைக்கு ஏற்ற விதிகளையும் அன்றைய நிலவரப்படி படித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குத் தனியாக ஒன்று: காற்றாலையிலிருந்தும் அதற்குப் போகும் உயர் மின்னழுத்தக் கம்பிகளிலிருந்தும் அரைக் கிலோமீட்டர் தள்ளி நில்லுங்கள். கம்பியில் கிளைடர் மாட்டினால் அப்படியே விட்டுவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கழியால் தட்டவே கூடாது. கிளைடருக்குள் இருக்கும் கார்பன் கம்பி மின்சாரத்தைக் கடத்தும்.

இனி வாங்குவது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இறக்கை, இபிஓ நுரையில் செய்தது, மூக்கில் சின்ன மோட்டார், இறக்கை நுனிகள் மேலே வளைந்தது. ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் தகடு), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு), மோட்டார் என்று மூன்று கட்டுப்பாடு போதும். மேலே வளைந்த இறக்கை, கையை விட்டால் தானாகவே சமநிலைக்கு வரும். போர் விமானம் போன்ற வடிவத்தையும், படத்தில் அழகாக இருக்கும் கார்பன் கிளைடரையும் இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். ரிமோட்டில் மட்டும் கொஞ்சம் நல்லதாக வாங்குங்கள். கிளைடர் உடையும், ரிமோட் பத்து வருடம் கூட வரும். இப்போது எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இயக்கினாலும் மோதல் இல்லை. முன்பு 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் பக்கத்தில் ஒருவர் அதே அலைவரிசையைப் போட்டால் நம் விமானம் விழும். அதனால் மைதானத்தில் துணிக்கிளிப் பலகை வைத்து, கிளிப்பை எடுத்தவர்தான் ரிமோட்டைப் போடலாம் என்று முறை இருந்தது.

பேட்டரி லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர். ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், வீட்டில் வைக்கும்போது 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். பங்குனி வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் ஊதிவிடும், ஊதியதைத் திரும்பச் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜ் ஆகும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும், நீங்களும்.

முதல் பறப்புக்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, எடை மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு ஆள்காட்டி விரல்களை அடியில் கொடுத்துத் தூக்கினால் தராசுபோல நிற்க வேண்டும். வால் கனத்தால் கிளைடர் தலையைத் தூக்கித் தூக்கித் தடுமாறிக் கடைசியில் விழும், மூக்கு கனத்தால் குத்திக்கொண்டே போகும். மூக்கு லேசாகக் கனப்பது தொடக்கத்துக்கு நல்லது. இரண்டாவது, ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரட்டர் வலப்பக்கம்தான் திரும்புகிறதா என்று கண்ணால் பார்ப்பது. பழுது பார்த்தபின் ஒருமுறை இதைப் பார்க்காமல் விட்டேன். மூன்று மாதம் பால்சா கட்டையில் செதுக்கிச் செய்த கிளைடர் ஐந்து விநாடியில் போனது. அன்றிலிருந்து விடுவதற்கு முன் வாய்விட்டு "வலது, இடது, மேலே, கீழே" என்று சொல்லியே பார்க்கிறேன். குழுவில் எல்லோரும் அப்படித்தான்.

அப்புறம் எல்லாக் குழந்தைகளும் திணறும் ஒரு இடம். கிளைடர் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடம் வலம் சரியாக இருக்கும். நம்மை நோக்கி வரும்போது மாறிவிடும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. மகனுக்கு இந்த ஒரே வாக்கியத்தை மனப்பாடமாக்கிவிடுங்கள்: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

தை வரை என்ன செய்வது? பிகாசிம் என்று ஒரு இலவச கிளைடர் சிமுலேட்டர் இருக்கிறது, போனிலேயே ஓடும். தினமும் கால் மணி நேரம், எதிரே வரும் கிளைடரைச் சமாளிப்பதை மட்டும் பழகட்டும். தெர்மாகோல் அட்டையில் கையால் எறியும் கிளைடர் ஒன்று செய்து, மூக்கில் களிமண்ணைக் கூட்டிக் குறைத்து எடை மையம் என்றால் என்ன என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

முக்கியமான வேலை வேறு. ஒரு குச்சியின் நுனியில் ஒரு முழம் பட்டு நூல் கட்டி மாடியில் நட்டுவையுங்கள். காலை ஏழு, பத்து, மதியம் ஒன்று, மாலை நாலு. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, நூல் தொங்குகிறதா, சாய்கிறதா, நேராக விறைத்து நிற்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி நாட்களில் இரண்டு வேளை எழுதினாலும் போதும். வானத்தில் பருந்து சுற்றினால் எந்த இடத்துக்கு மேலே, எத்தனை மணிக்கு என்றும் குறிக்கட்டும்.

பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் அந்தக் கொறங்காட்டில் இருப்போம். கூட்டிக்கொண்டு வாங்க. தொப்பி, குடிதண்ணீர், முள் குத்தாத செருப்பு வேண்டும். கிளைடர் எங்களிடம் இருக்கிறது, இரண்டு ரிமோட்டை ஒன்றோடொன்று இணைத்துச் சொல்லிக்கொடுப்போம், அவன் தடுமாறினால் டீச்சர் வாங்கிக்கொள்வார். அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். காங்கேயத்துக் காற்று எங்களுக்குத் தெரியும், தாராபுரத்துக் கணக்கு எங்கள் யாரிடமும் இல்லை.